சென்னைக் கடலில் பாய்மரக் கப்பல்கள் உடைந்தது எப்படி? நீலகிரியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் இரண்டு நாள் விடாமல் மழை பிடித்துக்கொண்டால், "கடல்ல புயல் சின்னமாம்" என்ற பேச்சு தேயிலைக் காடு வரைக்கும் வந்துவிடும். மலையின் கிழக்குச் சரிவில் இருப்பவர்களுக்கு வங்கக் கடல் அவ்வளவு பக்கம். 2009 நவம்பர் 10ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் மட்டும் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், மண்சரிவில் வீடுகளும் உயிர்களும் போனதும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான்.

அதே வங்கக் கடல், சென்னைக்குத் துறைமுகமே இல்லாத நாளில், கரைக்கு எதிரே நின்ற வணிகக் கப்பல்களை என்ன செய்தது என்பதை இங்கே பார்க்கலாம். ஒரு கருத்தை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். புயல் வந்தால் நாம் வீட்டுக்குள் ஓடுவோம். பாய்மரக் கப்பலோ கரையை விட்டு ஓட வேண்டும். அதற்கு ஆழ்கடல் வீடு, கரை எமன்.

நங்கூரவெளி என்றால் என்ன

சென்னைக் கடற்கரை ஏறக்குறைய நேர்கோடாக வடக்கு தெற்காகப் போகிறது. ஒதுங்க வளைகுடா இல்லை, மறைக்கத் தீவு இல்லை. புனித ஜார்ஜ் கோட்டை எழுந்த 1640களிலிருந்து 1870கள் வரை, வந்த கப்பல்கள் எல்லாம் கரையிலிருந்து ஒன்றிரண்டு மைல் தள்ளி, திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. அந்த இடம்தான் நங்கூரவெளி. ஆழம் ஏழு முதல் ஒன்பது பாகம். ஒரு பாகம் என்பது கடலோடிகள் கையை விரித்து அளக்கும் அளவு, ஆறு அடி. ஆக 42 முதல் 54 அடித் தண்ணீர். 1819இல் ஜான் சல்லிவன் நீலகிரி மேல் ஏறியபோதும், 1830களில் ஊட்டியில் பங்களாக்கள் பெருகியபோதும் இதே நிலைதான்.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, ஓயாமல் உடையும் அலைவரிசை. சாதாரணப் படகு அதில் நொறுங்கிவிடும். அதனால் ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் போய்வர வேண்டும். சலங்கு என்றும் சொல்வார்கள். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. உள்ளே விலாக்கட்டை இல்லாததால் அலை அடிக்கும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். அலை இன்னும் பெரிதானால் மசூலாவும் நிற்கும். கட்டுமரம் மட்டும் கடிதம் கொண்டு போகும். அதுவும் போக முடியாவிட்டால் கரைக்கும் கப்பலுக்கும் பேச்சு, கொடிமரத்தில் ஏற்றும் கொடியாலும் பீரங்கிச் சத்தத்தாலும் மட்டுமே.

நங்கூரம் எப்படிப் பிடிக்கிறது, எப்படி விடுகிறது

மலைப்பாதை ஏற்றத்தில் சுமை லாரியை நிறுத்தினால், சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பார்கள். சரிவுதான் காற்று, கீழே இருக்கும் பள்ளம்தான் கரை, கல்தான் நங்கூரம். சுமை கூடக் கூட ஒரு கட்டத்தில் கல் நழுவும். ஆனால் நங்கூரம் கல்லைப் போல வெறும் எடையால் நிற்பதில்லை. கடல் தரையில் கொக்கி போலக் கொளுவி நிற்கிறது. அதனால் இழுக்கும் கோணம்தான் முக்கியம். கயிறு தரையோடு படுத்து இழுத்தால் கொக்கி இன்னும் ஆழமாகப் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும்.

கணக்கு எளிது. எட்டுப் பாக ஆழத்தில் 16 பாகம் மட்டும் கயிறு விட்டால், அது விறைக்கும்போது தரையோடு 30 பாகைக் கோணம். நங்கூரம் நிற்காது. 40 பாகம் விட்டால் கோணம் 12 பாகைக்குள் அடங்கும். ஆகவே ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு என்பது கீழ்வரம்பு. புயலுக்கு ஏழு, பத்து மடங்கு வேண்டும். இங்கேதான் நெருக்கடி. ஐம்பது அறுபது கப்பல் நிற்கும் இடத்தில் ஒருவர் 80 பாகம் கயிறு விட்டால் பின்னால் நிற்பவர் மேல் போய் மோதுவார். மோதாவிட்டாலும் அந்த நீளத்துக்குக் கப்பல் கரைப்பக்கம் நகரும், ஆழம் குறையும். கயிறு கூட்டினால் கரை நெருங்குகிறது, கூட்டாவிட்டால் நங்கூரம் பெயர்கிறது.

கயிற்றிலும் காலத்துக்கேற்ப வேறு வேறு பலவீனம். பதினெட்டாம் நூற்றாண்டில் தொடை கனமுள்ள சணல் வடம். கப்பலின் முன்பக்கமான அணியத்தில் அது வெளியேறும் துளையிலும், கீழே தரையிலும் உரசி உரசித் தேயும். புயலிரவில் மாலுமிகள் பழந்துணியும் தோலும் சுற்றி அந்த இடத்தைக் காத்தார்கள். மணிக்கொரு தரம் கொஞ்சம் கயிறு விட்டு உரசும் இடத்தை மாற்றினார்கள். 1810களுக்குப் பிறகு இரும்புச் சங்கிலி பரவியது. சங்கிலி தன் எடையால் தொய்ந்து கிடக்கும், அந்தத் தொய்வுதான் அலையின் வெட்டை வாங்கிக்கொள்ளும். காற்று முற்றிச் சங்கிலி நேராக விறைத்துவிட்டால் தொய்வு போய்விடும். அடுத்த அலை அணியத்தைத் தூக்கும்போது கண்ணி தெறிக்கும். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது என்பதை மறக்கக் கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று 120 ஆனால் விசை மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்கு. அந்தக் காற்றில் பாயைச் சுருட்டி வைத்தாலும் மரமும் கயிறுமே பாயாக வேலை செய்யும். அதனால்தான் கடைசி முயற்சியாகப் பாய்மரங்களையே கோடாலியால் வெட்டிக் கடலில் தள்ளினார்கள்.

அலையைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அலை முன்னுக்குச் சாய்ந்து உடைகிறது. சாதாரண நாளில் ஆறடி அலை எட்டடித் தண்ணீரில், கரையோரம் உடையும். புயலில் 40 அடி அலை வந்தால் 52 அடித் தண்ணீரிலேயே உடையும். அதாவது கப்பல்கள் நிற்கும் இடமே அலை உடையும் இடமாகிவிடும். 1811 மே 2ஆம் தேதிப் புயலில் ஒன்பது பாக ஆழத்தில் கடல் உடைந்தது என்ற பதிவு நம் கணக்கோடு சரியாக ஒத்துப்போகிறது. அன்று டோவர் என்ற போர்க்கப்பலும் சிச்செஸ்டர் என்ற சரக்குக் கப்பலும், அவற்றோடு சுமார் 90 நாட்டுக் கப்பல்களும் அழிந்தன. உடையும் அலைக்கு அடியில் எந்த நங்கூரமும் நிற்காது.

காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது

இதுதான் முழு விஷயத்தின் அச்சாணி. பொறுமையாகப் பாருங்கள்.

ஒரு கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 12 வடக்கு, 3 கிழக்கு, 6 தெற்கு, 9 மேற்கு. சென்னைக் கரை 12க்கும் 6க்கும் இடையே நிற்கும் கோடு. வலப்பக்கம் முழுக்கக் கடல், இடப்பக்கம் நிலம். வங்கக் கடல் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். புயல் கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருந்து வரும்போது, அதற்கு முன்னால் இருக்கும் சென்னையில் முதலில் வீசுவது வாடை, அதாவது வடக்குக் காற்று. அதுவரை எல்லாப் புயலும் ஒன்றுபோலத்தான். பிறகுதான் வழி பிரிகிறது.

புயலின் மையம் சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு நெல்லூர்ப் பக்கம் கரையேறினால், காற்று 12இலிருந்து பின்னோக்கித் திரும்பும்: வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. வடம் அறுந்தாலும் கப்பல் ஆழ்கடலுக்குத்தான் தள்ளப்படும். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மையம் சென்னைக்குத் தெற்கே, புதுச்சேரி கடலூர்ப் பக்கம் கரையேறினால், காற்று முன்னோக்கித் திரும்பும்: வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு. நேராகக் கரை நோக்கி. கிழக்குக் காற்றை மீனவர்கள் கொண்டல் என்பார்கள். மழை கொண்டுவரும் நல்ல காற்றுக்கும் அதுவே பெயர். புயலில் அதே திசைதான் கப்பலுக்குத் தூக்குக்கயிறு.

மூன்றாவது, மையம் தலைக்கு மேலேயே கடப்பது. 1836 அக்டோபர் 30ஆம் தேதி சென்னையில் நடந்தது அதுதான். வடக்கிலிருந்து சூறை, திடீரென்று அமைதி, கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து மறுபடி சூறை. நடுவில் வரும் அமைதி புயல் முடிந்ததற்கு அடையாளமல்ல. வடக்குக் காற்றுக்குத் தாங்கும்படி பாய்ச்சிய நங்கூரங்களை எதிர்ப்பக்கத்திலிருந்து இழுக்கப் போகிற காற்று அதற்குப் பின்னால் காத்திருக்கிறது.

இப்போது பாய்க்கப்பலின் வரம்பைச் சேர்த்துப் பாருங்கள். சதுரப் பாய் கட்டிய கப்பல், காற்று வரும் திசைக்கு 67 பாகைக்கு மேல் நெருங்கி ஓட முடியாது. நம் கடிகாரத்தில் அது இரண்டேகால் மணி. ஓடும்போது பக்கவாட்டில் வேறு காற்று தள்ளும். அதற்கு அரை முக்கால் மணி தள்ளுபடி. காற்று வடக்கே 12இல் இருக்கும்போது, நேர் கிழக்கே 3ஐப் பார்த்து ஓடலாம், தாராளம். வடகிழக்கே ஒன்றரையில் இருக்கும்போது மூன்றேமுக்காலைப் பார்த்து ஓடலாம், தள்ளுபடி போக நாலேகால், இன்னும் கடல்தான். காற்று கிழக்கே 3க்கு வந்துவிட்டால்? ஒருபுறம் முக்கால் மணி, மறுபுறம் ஐந்தேகால். தள்ளுபடி போக 12, அல்லது 6. கரைக்கு இணையாக ஓடுவதைத் தவிர வேறு திசையே இல்லை. சூறையில் பாய் கிழிந்து, தாங்குவது ஒன்றிரண்டு பாய் மட்டும் என்றால் அதுவும் இல்லை. கப்பல் மெல்ல மெல்லக் கரைக்குப் போகும்.

ஆகவே விதி ஒன்றே: காற்றில் வடக்கு மிச்சம் இருக்கும்போதே புறப்படு. நங்கூரத்தைத் தூக்க நேரமில்லை என்றால், வடத்தின் முனையில் மிதவை கட்டி அப்படியே அவிழ்த்து விட்டுவிடு. பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

விதி தெரிந்தும் ஏன் தவறியது

புயல் வருமுன் அதன் அலை வந்துவிடும். காற்றே இல்லாத நாளில் கிழக்கிலிருந்து நீண்ட, கனத்த அலை உருண்டு வரத் தொடங்கினால், தொலைவில் புயல் இருக்கிறது என்று பொருள். புயல் ஒரு நாளில் சுமார் 400 கிலோமீட்டர் நகரும். அலை அதைவிட வேகமாக ஓடும். நல்ல எச்சரிக்கைதான். ஆனால் அந்த அலை கரையில் உடையும் உயரம் கூடியதும் முதலில் நிற்பது மசூலாப் படகு. கப்பல் தலைவர் சரக்குக் கணக்கு முடிக்கவோ விருந்துக்கோ கரைக்கு வந்திருந்தால், அவரால் திரும்பிப் போக முடியாது. எச்சரிக்கும் அலையே கதவையும் சாத்திவிடுகிறது. இந்தத் துறையின் கொடுமை முழுவதும் இந்த ஓர் இடத்தில் அடங்கியிருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. 1749 ஏப்ரலில் கடலூர் அருகே செயின்ட் டேவிட் கோட்டைக்கு எதிரே நின்ற நேமூர் என்ற 74 பீரங்கிக் கப்பல் மூழ்கி 520 பேர் இறந்தபோது, கடற்படைத் தலைவர் போஸ்கவன் கரையில்தான் இருந்தார்.

சரக்கும் ஒரு காரணம். பாதி இறக்கிய கப்பல் தண்ணீருக்கு மேல் உயர்ந்து நிற்கும், காற்று பிடிக்கும் பரப்பு கூடும். கீழே அடிப்பாரம் குறைந்ததால் எளிதில் கவிழும். இன்றைக்குள் இறக்கி முடித்துவிடலாம் என்று ஒரு பகல் காத்திருந்தவர்களுக்கு, இரவில் காற்று கிழக்கே திரும்பிவிடும்.

காலக்கணக்கு வேறு ஏமாற்றியது. அக்டோபர் 15இல் கோட்டைக் கொடிமரத்தை இறக்கி, டிசம்பர் 15இல்தான் மறுபடி ஏற்றுவார்கள். அந்த இரண்டு மாதம் நங்கூரவெளி ஆபத்தானது என்று பொருள். நம் மாதக் கணக்கில் பார்த்தால் அது அப்படியே ஐப்பசி, கார்த்திகை. 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்த கையோடு நின்ற பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் அந்தக் காலத்தை ஒட்டித்தான் சிக்கி, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் புயலுக்கு இன்னொரு பருவம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் ஆனி முதல் ஆவணி வரை, மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் எதிரெதிராக ஓடிப் புயல் தூணை நிமிர விடாது. அதற்கு முன்னும் பின்னும்தான் புயல் எழும். 1749 ஏப்ரல், 1811 மே 2, 1872 மே 2, மூன்றுமே சித்திரை மாதம். கொடிமரம் உயர்ந்து நின்ற, துறை நிறைந்து கிடந்த மாதம்.

காற்றழுத்தமானி சொன்னதும் மலை சொல்வதும்

மலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி கைவந்த விஷயம், ஏனென்றால் அழுத்தக் குறைவை நாம் காதடைப்பாக உணர்கிறோம். கடல் மட்டத்தில் காற்றழுத்தமானியின் பாதரசம் 29.8 அங்குலம் அளவில் நிற்கும். மேட்டுப்பாளையத்தில் 29க்குக் கொஞ்சம் கீழே, ஊட்டியில் 23 அளவில், தொட்டபெட்டாவில் 22 அளவில். கீழ்மட்டங்களில் ஓர் அங்குலம் இறங்க ஏறத்தாழ 285 மீட்டர் ஏற வேண்டும். கடும்புயலின் நடுவில் சென்னையில் பாதரசம் 28க்கு வந்தால், கடற்கரையில் நிற்பவர் இருந்த இடத்திலேயே 500 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப்பட்டது போல. கல்லாற்றைத் தாண்டிப் பர்லியாறு போகும் வழியில் நிற்கும் அழுத்தம். சென்னை வானாய்வகம் 1792இல் தொடங்கியது. அதன் பொறுப்பில் 1847-48இல் தொட்டபெட்டா உச்சியிலும் வானிலை அளவுகள் எடுக்கப்பட்டன.

ஆனால் 28 அங்குலம் என்பது செய்தி அல்ல, அது முடிவு. தலைவருக்குத் தேவை முதல் சில மணி நேரத்தின் குறிப்பு. வெப்பமண்டலத்தில் பாதரசம் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இறங்கும்: காலை 10, இரவு 10 மணிக்கு உச்சம், காலை 4, மாலை 4 மணிக்குத் தாழ்வு. வேறுபாடு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. மாலை 4 மணிக்கு இறங்கியதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. காலை 10 மணிக்கு ஏற வேண்டியது ஏறாமல் நின்றால் பயப்பட வேண்டும். அதனால் இன்றைய 10 மணி அளவை நேற்றைய 10 மணி அளவோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முந்தியதோடு அல்ல.

அழுத்த உணரி உள்ள கைபேசி இருந்தால் ஊட்டியிலேயே இதைப் பழகலாம். 780 மில்லிபாரை ஒட்டிக் காட்டும். எப்போதும் ஒரே அறையில், ஒரே மேசையில் வைத்துக் குறியுங்கள். பத்துப் பதினோரு மீட்டர் ஏறினாலே ஒரு மில்லிபார் குறையும், மாடிக்குப் போனாலே கணக்கு கெட்டுவிடும். புயல் சென்னை அருகே இருக்கும்போது இங்கே இறங்குவது சில மில்லிபார்தான், ஆனால் 10 மணிக் குறிப்புகளை வரிசையாகப் பார்த்தால் தெரியும். காற்றை எதிர்கொண்டு நின்றால் புயல் மையம் வலக்கைப் பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும் என்ற கடலோடிகளின் விதியை மட்டும் கேத்திப் பள்ளத்தாக்கில் பயன்படுத்தாதீர்கள். பள்ளத்தாக்கு காற்றைத் தன் போக்குக்குத் திருப்பிவிடும். அந்த விதி திறந்த கடலுக்கானது.

புயல் சுழல்கிறது, அதைக் கணக்கிட்டுத் தப்பலாம் என்று கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் கப்பல் குறிப்பேடுகளை ஒப்பிட்டு எழுதியது 1830களின் இறுதியிலிருந்து. 'சைக்ளோன்' என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். அதற்கு முந்திய தலைவர்கள் காற்றின் திருப்பத்தை அனுபவத்தால் மட்டுமே அறிந்திருந்தார்கள்.

கரை தட்டிய பின்

1761 ஜனவரி 1ஆம் தேதி இரவு, புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கப்பல்களைப் புயல் பிடித்தது. தலைமைக் கப்பலான நார்ஃபோக் வடத்தை வெட்டிக்கொண்டு கடலுக்குப் போனது. மற்றவர்களும் அப்படியே செய்ய அது கொடுத்த அடையாளம் மழையிலும் இரைச்சலிலும் போய்ச் சேரவில்லை. கவிழ்ந்து மூழ்கிய கப்பல்களில் சுமார் 1,100 பேர் இறந்தார்கள். ஆனால் மணற்கரையில் தூக்கி எறியப்பட்ட நியூகாசில், குயின்பரோ கப்பல்களில் இருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் பிழைத்தார்கள். நங்கூரத்தில் கட்டுண்டு அலைக்குப் பக்கவாட்டைக் காட்டிய கப்பல் கவிழும். மணலில் ஏறிய கப்பல் உடைந்தாலும் உடனே கவிழாது.

சென்னையில் துறைமுகத்துக்கு அடிக்கல் 1875இல் நாட்டப்பட்டது. கடலுக்குள் நீட்டிய இரண்டு கல் கரங்கள் முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் அவற்றை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். வாயில் கிழக்கு நோக்கியே இருந்ததால் அலை உள்ளே வந்துகொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயிலை வடகிழக்கு மூலைக்கு மாற்றிய பிறகுதான் உள்ளே அமைதி.

இன்றும் புயல் நேரத்தில் தொலைக்காட்சியில் "5ஆம் எண் கூண்டு, 6ஆம் எண் கூண்டு" என்று சொல்வதில் இந்தப் பழைய கணக்குதான் இருக்கிறது. எண் கூடினால் காற்று கூடும் என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். 5 என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும். 6 என்றால் வலப்பக்கம் விட்டுக் கடக்கும். 7 என்றால் மேலேயே, அல்லது மிக அருகே. கடும்புயலுக்கு இதே வரிசை 8, 9, 10. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்பக்கம் என்பது வடக்கு. ஆக சென்னையில் 6ஓ 9ஓ ஏறினால், மையம் தெற்கே கடக்கிறது, கொண்டல் கரையை அடிக்கப் போகிறது என்று பொருள்.

கூண்டு ஏறியதும் துறைமுகத்துக்குள் இருக்கும் பெரிய கப்பல்களை இன்றும் வெளியே, ஆழ்கடலுக்கு அனுப்புகிறார்கள். 2012 அக்டோபர் 31இல் நிலம் புயல் சென்னைக்குத் தெற்கே கரையேறியபோது, வெளியே நங்கூரத்தில் நின்ற பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் பெயர்ந்து பெசன்ட் நகர் மணலில் வந்து ஏறியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களின் படகு அலையில் கவிழ்ந்தது. அவர்களில் சிலர் இறந்தார்கள். கப்பலிலேயே நின்றவர்களைக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் தூக்கி எடுத்தது.